பெயர்ப்பலகையில் இரண்டு வரி

அத்தியாயம் நான்கு

றெஜினோல்டின் வலக்கை எட்டாம் இலக்கத் தபால்பெட்டிக்குள் மணிக்கட்டு வரை போயிருந்தது. திரும்பி வரவில்லை.

"அக்கா, உள்ளுக்குப் போகேக்கை ஒருத்தரும் மறிக்கேல்லை. வெளியிலை வர விசா கேக்குது."

"அசையாதையும்," என்றாள் மங்களேஸ்வரி. "உள்ளுக்கு ஒரு தகடு தொங்கும். அதை விரலாலை தூக்கிக்கொண்டு மெல்ல எடும்."

"தகடு என்னைத் தூக்குது."

நாயோடு வந்த ஒரு நோர்வேஜியப் பெண் இருவரையும் பார்த்து "ஹெய்" என்றாள். பிறகு வானத்தைப் பார்த்துக்கொண்டு கடந்து போனாள். பெட்டிக்குள் கை சிக்கிய ஒருவரைக் கண்டால் அதற்கு மேல் கேட்பது இந்த நாட்டில் மரியாதை இல்லை.

ஹொல்ம்லியாவின் அந்த ஒழுங்கை முனையில், எட்டு வரிசை வீடுகளுக்கு எட்டுப் பெட்டிகள். வீதியோரத்து மரத்தாங்கி ஒன்றில் தோளோடு தோள் உரச நின்றன. எல்லாம் பச்சை. மழையும் பனியும் வழிந்தோடச் சரிந்த மூடி, மூடிக்குக் கீழே கடிதம் போடும் ஒடுங்கிய வாய், முகத்தில் பூட்டு, பூட்டுக்கு மேலே பெயர்ப்பலகை. ஏப்ரல் கடைசி. தாங்கியின் காலடியில் அழுக்குப் பனி இன்னும் ஒரு முழத்துக்குக் குவிந்து கிடந்தது.

மங்களேஸ்வரிக்கு ஐம்பத்திரண்டு வயது. பத்தொன்பது வருடம் தபால்காரியாக வேலை செய்தவள். கடிதங்கள் குறைந்து, தபால் ஒன்றுவிட்டொரு நாள் என்று ஆனபோது அவள் கடிதம் கொண்டுபோன சுற்றும் இல்லாமல் போனது. அடுத்த மாதமே "தனியார் துப்பறிவாளர்" என்று அட்டை அடித்தாள். கோயில் அன்னதானத்தில் காணாமல்போன அண்டாவும், கலியாண மண்டபத்தில் மாறிப்போன ஒற்றைச் சப்பாத்தும் அவள் துப்புத் துலக்கியவை. உதவியாளன் றெஜினோல்ட் ஊர்காவற்றுறைக்காரன், பஸ் சாரதி. முதுகுவலி என்று மருத்துவ விடுப்பில் நின்றான். துப்பறிய முதுகு தேவையில்லை, நாக்குப் போதும் என்பது அவனுடைய கொள்கை.

கை ஒருவழியாக வெளியே வந்தது. மணிக்கட்டில் சிவப்பாய் ஒரு கோடு.

"இதுதான் முதல் தடயம்," என்றாள் மங்களேஸ்வரி. "கையைவிட்டுக் களவெடுக்கேலாது."

"இதைப் பெட்டியைப் பார்த்தே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னால் மலரக்கா நம்பமாட்டா."

பக்கத்தில் நின்ற செல்வமலர் நம்பினாள்போலத்தான் தெரிந்தது. வீட்டு உடுப்புக்கு மேலே புருசனின் பனிச்சட்டையைப் போட்டிருந்தாள். இந்த வழக்கைக் கொண்டுவந்தவள் அவள்தான். திராமன் நகரில் இருக்கும் தங்கை இராசமணியின் மகள் சாருகாவுக்குச் சனிக்கிழமை கலியாணம். இன்று வியாழன். அழைப்பிதழ் வரவில்லை.

சகோதரிகள் இருவரும் கதைத்துப் பதின்மூன்று வருடம். சாருகா பெரியபிள்ளையானபோது நடந்த சாமத்தியவீட்டில் செல்வமலரின் புருசன் பாலேந்திரன் இருபது நிமிடம் வாழ்த்துரை வழங்கினார். வீடியோவில் அது ஒரு நிமிடமாக வந்தது. பாதி நிமிடம் கேக்கைக் காட்டினார்கள். அன்றோடு உறவு முறிந்தது.

"கூடப்பிறந்தவளுக்குக் கலியாணக் காட்டைக் கையிலைதான் குடுக்கவேணும்," என்றாள் செல்வமலர். "அவள் தபாலிலை போட்டாளாம். சரி, அதையும் பொறுத்துக்கொள்ளுறன். ஆனால் அந்தத் தபாலாவது வரவேணுமே, மங்களம்? பெரியம்மா எண்டு நான் ஒருத்திதான் இருக்கிறன். ஆலாத்தி எடுக்கவேண்டியவள் சொல்லாமல் கொள்ளாமல் போய் மண்டப வாசல்லை நிக்கிறதோ?"

கைத்தொலைபேசியை நீட்டினாள். சாருகா அனுப்பிய செய்திகள். "பெரியம்மா, காட் கிடைச்சுதா? அம்மா எட்டாம் திகதியே போட்டவ." அதற்கு இவள்: "வரேல்லை பிள்ளை." ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு சாருகா: "நீங்கள் பொய் சொல்லுறியளாம். அதுக்கு மேலை அம்மா ஒண்டும் கதைக்கிறா இல்லை."

"நான் பொய்க்காரியாம்," என்றாள் செல்வமலர். "காட் வந்ததெண்டால் போவன். வரேல்லை எண்டால் அவளை இனிச் செத்தவீட்டிலைதான் பார்ப்பன். அவளின்ரையோ என்ரையோ, தெரியாது."

மங்களேஸ்வரி பூட்டைக் குனிந்து பார்த்தாள். கீறல் இல்லை. பலகையின் மேல்வரியில் BALENDRAN என்று வெள்ளையாய்க் கொட்டை எழுத்து. பெயர் இருக்கிறது, ஆகவே தபால்காரர் போட்டிருப்பார்.

"பூட்டுக்குத் திறப்பு எத்தினை?"

"ரெண்டு. ஒண்டு என்னட்டை. மற்றது..."

மூவரும் ஒரே நேரத்தில் எட்டாம் இலக்க வீட்டின் குசினி யன்னலைப் பார்த்தார்கள். அங்கே பாலேந்திரன் தேத்தண்ணீர்க் கோப்பையோடு நின்று, தன்னை யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில் இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருபது நிமிசப் பேச்சை ஒரு நிமிசமாக்கினால் நானும் காட்டை ஒளிப்பன்," என்றான் றெஜினோல்ட்.

"அவர் எடுத்திருந்தால்," என்றாள் செல்வமலர் மெதுவாக, "சனிக்கிழமை நான் திராமனிலை நிக்கமாட்டன். அதுக்கும் அங்காலை போயிடுவன்."

முப்பத்தொரு வருடத் தாம்பத்தியத்தின் குரல் அது. மங்களேஸ்வரிக்கு அந்தக் குரல் தெரியும். அவளுடைய புருசன் சிவபாதம் நாலு வருடத்துக்கு முன்னர் பேர்கன் நகருக்கு ஒரு வேலை என்று போனவர், வேலை முடிந்தும் வரவில்லை. அவளுடைய பெட்டியில் இன்றைக்கும் அவருடைய பெயர் மட்டும்தான் இருக்கிறது. கழற்றலாம் என்று ஒவ்வொரு கோடையிலும் நினைப்பாள். பெயரைக் கழற்றினால் பெட்டியில் திருகாணித் துளைகள்தான் மிஞ்சும். துளையைப் பார்ப்பதைவிடப் பெயரைப் பார்ப்பது சுலபமாயிருந்தது.

நினைப்பை உதறிவிட்டு மறுபடி குனிந்தாள். அப்போதுதான் கண்டாள். பெயர்ப்பலகையின் நான்கு திருகாணிகளும் பளபளத்தன. பெட்டியில் மற்றதெல்லாம் துரு. பலகையைச் சுற்றி ஒரு விரலகலத்துக்குப் பச்சை நிறம் இருண்டு புதிதாய் இருந்தது. மற்ற இடமெல்லாம் வெயிலில் வெளுத்திருந்தது.

"இதிலை முந்தி ஒரு பெரிய பலகை இருந்திருக்கு. இந்தச் சின்னது எப்ப வந்தது?"

"ஓ, அதுவோ. எங்கடை வீட்டுச் சங்கத் தலைவரின்ரை சட்டம். முதலாம் திகதிக்கு முன்னம் எல்லாரும் மாத்தவேணும் எண்டு கடிதம் வந்தது. இவர்தான் மாத்தினவர்."

காட் எட்டாம் திகதி. பலகை முதலாம் திகதி. மங்களேஸ்வரி பனிக்குவியலைச் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

"எங்கை அக்கா?"

"தலைவரிட்டை."

*

முதலாம் இலக்க வீட்டில் இரவீந்திரன் இருந்தார். வரிசை வீடுகளின் சங்கத்துக்குத் தெரிவான முதல் தமிழ்த் தலைவர். முந்திய தலைவர்கள் நோர்வேஜியர்கள். அவர்கள் வருடத்துக்கு ஒருதரம் கூடி, சொசேச்சு சுட்டுத் தின்றுவிட்டுக் கலைந்தார்கள். இரவீந்திரன் வந்ததும் ஒழுங்கைக்கு ஒரு ஒழுங்கு வந்தது. குப்பை வாளிகளின் மூடி எந்தத் திசையில் திறக்கவேண்டும் என்றுகூடச் சுற்றறிக்கை விட்டிருந்தார்.

"அளவு முப்பதுக்கு எழுபது மில்லிமீற்றர்," என்றார் கேட்காமலே. "கறுப்பிலை வெள்ளை எழுத்து. ஆகக்கூடினது ரெண்டு வரி. ஏன் எண்டு கேளுங்கோ."

"ஏன்?" என்றான் றெஜினோல்ட்.

"ஒரு ஒழுங்குக்கு."

"உங்கடை பெட்டியிலை என்ன போட்டிருக்கிறியள் அண்ணை?"

"இரவீந்திரன். ஒரு வரி. வீட்டிலை ஐஞ்சு பேர், பேர் போட இடம் காணாது. ரெண்டாம் வரி சும்மா கிடக்கு."

"தலைவர் எண்டு போடலாமே."

"அதை யோசிச்சனான்," என்றார் இரவீந்திரன். முகத்தில் சிரிப்பு இல்லை. "கூட்டத்திலை ஒருத்தர் ஒத்துக்கொள்ளேல்லை."

மங்களேஸ்வரி குறுக்கிட்டாள். "பழைய பலகையள் எப்பிடி இருந்தது எண்டு தெரியுமோ?"

அந்தக் கேள்விக்காகவே அவர் பிறந்தவர்போல எழுந்தார். அலுமாரியிலிருந்து ஒரு கோப்பு வந்தது. எட்டுப் பெட்டிகள், ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னுமாக இரண்டு படங்கள். எல்லாப் படத்திலும் பலகையின் அருகே ஒரு அளவுநாடா.

எட்டாம் இலக்கத்தின் பழைய படத்தில் மங்களேஸ்வரியின் விரல் நின்றது. பச்சைப் பெட்டியில் ஒரு மரப்பலகை. இலத்தீன் எழுத்தில், பிரஷால் எழுதிய மூன்று வரிகள்.

பாலேந்திரன்.
செல்வமலர் வரதராசா.
வினோஜா.

"வினோஜா மகள்," என்றான் றெஜினோல்ட். "கட்டிக்கொண்டு போட்டாள். வரதராசா ஆர்? வாடகைக்கு இருந்தவரோ?"

"தகப்பன். மலரக்காவின்ரை தகப்பன்." மங்களேஸ்வரி படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "றெஜி, உம்மை ஒருத்தர் பொய்க்காரன் எண்டு சொன்னால் என்ன செய்வீர்?"

"ஓம் எண்டு சொல்லுவன். வாக்குவாதம் மிச்சம்."

"சொல்லுறவைக்கு ஒரு சந்தேகம் இருந்தால் ரெண்டுதரம் கேப்பினம், குத்திக் காட்டுவினம், மூண்டு பேரிட்டைச் சொல்லுவினம். இராசமணி ஒரே சொல்லிலை முடிச்சிட்டா. அப்பிடி முடிக்கிறவைக்குக் கையிலை சாட்சி இருக்கும்."

"என்ன சாட்சி?"

மங்களேஸ்வரியின் வலதுகைப் பெருவிரல் தானாக அசைந்தது. மஞ்சள் ஒட்டுத்தாளைத் தாளிலிருந்து உரித்து உறையின் மேல் அழுத்தும் அசைவு. பத்தொன்பது வருடம் செய்த அசைவு. ஒரு வினாடிதான் ஆகும். அடுத்த பெட்டிக்குப் போய்விடுவாள். அந்த உறை பிறகு யாருடைய கைக்குப் போய், என்ன சொல்லியிருக்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

"உம்மடை இஸ்குரூ ட்ரைவர் காரிலை இருக்கோ, றெஜி?" என்றாள்.

*

செல்வமலரின் குசினியில் தேத்தண்ணீர் நான்கு கோப்பைகளில் ஆறிக்கொண்டிருந்தது. மேசை நடுவில், கழற்றிக் கொண்டுவந்த பெயர்ப்பலகை கிடந்தது.

"நான் ஒண்டையும் எடுக்கேல்லை!" என்றார் பாலேந்திரன். "அந்த வீட்டுக்காரரின்ரை காட்டை நான் கையாலையும் தொடமாட்டன்."

"தெரியும் அண்ணை," என்றாள் மங்களேஸ்வரி. "பலகை பற்றித்தான் கேக்க வந்தனான். ரெண்டு வரி விட்டவை. முதல் வரியிலை உங்கடை பேர்."

"ஓம். அதுதானே குடும்பப் பேர். இவளின்ரை பாஸ்போட்டிலையும் அதுதான் கிடக்கு. வாற கடிதம் எல்லாம் அந்தப் பேரிலைதான் வருது. பழைய பலகையிலை இவளின்ரை அப்பு பேர் கிடந்தது, அந்த மனிசன் கடிதம் எழுதின காலத்திலை. அவர் போய் ஒன்பது வருசம்."

"ரெண்டாம் வரி?"

பாலேந்திரன் பலகையைப் பார்த்தார். செல்வமலரும் பார்த்தாள். ஒரு மாதமாய்ப் பலமுறை அவளே திறந்த பெட்டி. திறப்பை மட்டும் பார்த்துத் திறந்திருக்கிறாள். இன்றைக்குத்தான் வாசித்தாள்.

"ரெக்லாமே வேண்டாம்," என்று சத்தமாக வாசித்தான் றெஜினோல்ட்.

"கடைக்காரற்றை விளம்பரக் குப்பைத் தாள் எல்லாம் வந்து நிரம்புது," என்றார் பாலேந்திரன்.

"அதுக்கு ஒட்டுத்தாள் சும்மா குடுக்கினமே அண்ணை?" என்றாள் மங்களேஸ்வரி.

"ஒட்டுத்தாள் மழைக்குக் கழண்டு போயிடும்."

செல்வமலர் கோப்பையை மேசையில் வைத்தாள்.

"நான் கழண்டு போகமாட்டன் எண்டு நினைச்சியளோ?"

பாலேந்திரன் வாயைத் திறந்தார். இருபது நிமிடம் பேசக்கூடியவர், ஆறிய தேத்தண்ணீரை அதற்குள் ஊற்றிக்கொண்டார்.

"மலரக்கா," என்றாள் மங்களேஸ்வரி, "உங்கடை தங்கச்சி காட்டிலை பாலேந்திரன் எண்டு தன்ரை கையாலை எழுதுவாவோ?"

"செத்தாலும் எழுதாள்."

"அப்ப என்ன பேர் எழுதியிருப்பா?"

செல்வமலரின் உதடுகள் சத்தமில்லாமல் தகப்பனின் பெயரை உச்சரித்தன.

மங்களேஸ்வரி செல்வமலரின் தொலைபேசியில் சாருகாவின் இலக்கத்தை அழுத்தி, அதை மேசையில் வைத்தாள். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"ஹலோ? பெரியம்மாவோ? நான் இப்ப நெயில்ஸ் செய்யிற இடத்திலை..."

"பிள்ளை, நான் மங்களேஸ்வரி. அம்மா பக்கத்திலையோ? ஒரு கேள்விதான். அந்தக் காட் இப்ப எங்கை எண்டு கேளும்."

அந்தப் பக்கம் ஏதோ இழுபறி. பிறகு வேறொரு குரல், நகச்சாயத்தின் மணம் இங்கேயே அடிக்கும்படி.

"எங்கையோ? என்ரை கைப்பைக்குள்ளை! இருபத்திரண்டாம் திகதி திரும்பி வந்தது. மஞ்சளா ஒரு ஒட்டு ஒட்டி. தொடவுமில்லை, திறக்கவுமில்லை. பதின்மூண்டு வருசத்துக்குப் பிறகு நான் இறங்கி வந்து அனுப்பினன், அவள் வேண்டாம் எண்டு திருப்பி அனுப்பிப்போட்டு, பிள்ளைக்கு வரேல்லை எண்டு பொய் எழுதுறாள். அவளிட்டைச் சொல்லுங்கோ, ஆலாத்திக்கு நான் வேறை ஆள் பிடிச்சிட்டன் எண்டு!"

செல்வமலர் எழுந்தாள். மங்களேஸ்வரி அவளுடைய கையைப் பிடித்து இருத்தினாள்.

"இராசமணி அக்கா, அந்த மஞ்சள் ஒட்டிலை என்ன எழுதிக் கிடக்கு?"

"என்னவோ நோர்ஸ்க் பாசையிலை. ஆர் அதெல்லாம் வாசிச்சது? திருப்பிவிட்டால் திருப்பிவிட்டதுதானே."

"இந்தப் பேரிலை இஞ்சை ஆள் இல்லை எண்டு எழுதிக் கிடக்கும். அந்த ஒட்டைப் பத்தொன்பது வருசம் நான் ஒட்டினவள். வீட்டுக்காரரைக் கேட்டு ஒட்டுறேல்லை. பெட்டியைப் பார்த்து ஒட்டுறது. நீங்கள் எழுதின பேர் பெட்டியிலை இல்லை. அதைக் கழட்டினது உங்கடை அக்கா இல்லை."

"அப்ப ஆர் கழட்டினது?"

பாலேந்திரன் யன்னலுக்கு வெளியே, நகராத ஒரு மேகத்தைக் கவனமாகப் பார்த்தார்.

"நான்தான்," என்றார் கடைசியில். "தெரியாமல்."

அந்தப் பக்கம் இணைப்பு அறுந்தது.

"என்ன அக்கா இது?" என்றான் றெஜினோல்ட். "வழக்கு முடிஞ்சுது. கலியாணம் முடியேல்லை."

"இனித் தபாலிலை போட்டால் திங்கள்தான் வரும்," என்றாள் செல்வமலர். அழவில்லை. பலகையை எடுத்துத் திருப்பினாள். பின்பக்கம் வெறுமையாய் இருந்தது. "மங்களம், அழியாத பேனை ஒண்டு வைச்சிருக்கிறியோ?"

*

வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்றரைக்கு றெஜினோல்டின் கார் ஒழுங்கை முனையில் நின்றது. வழக்கு முடிந்தபிறகும் ஏன் வந்தோம் என்று மங்களேஸ்வரி தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள். திருப்பி அனுப்பிய கடிதம் ஒன்றாவது போய்ச் சேருவதைப் பார்க்க ஆசை. வேறு காரணம் அகப்படவில்லை.

"வரமாட்டா அக்கா," என்றான் றெஜினோல்ட், இரண்டாவது வாழைப்பழத்தை உரித்தபடி. "நாளைக்குக் கலியாணம் வைச்சுக்கொண்டு ஆர் திராமனிலையிருந்து..."

சாம்பல் நிறக் கார் ஒன்று வந்து நின்றது. தலையில் சுருட்டிய முடிக்கு மேலே வலை போட்ட ஒரு பெண் இறங்கினாள். வீடுகளைப் பார்க்கவில்லை. மணியடிக்கப் போகவில்லை. நேரே பெட்டிகளிடம் போனாள். எட்டாம் இலக்கத்தின் முன்னால் நின்று வாசித்தாள்.

முதல் வரியில் செல்வமலர் வரதராசா. இரண்டாம் வரியில் பாலேந்திரன். கையெழுத்துக் கொஞ்சம் சரிந்திருந்தது.

இராசமணி கைப்பையிலிருந்து உறையை எடுத்தாள். மஞ்சள் ஒட்டை நகத்தால் கீறிப் பார்த்தாள். அது வரவில்லை. அப்படியே மூடியைத் தூக்கி, பெட்டியின் வாய்க்குள் போட்டாள். தகடு அசைந்து உறையை விழுங்கியது.

"போச்சு," என்றான் றெஜினோல்ட். "வந்தும் மணியடிக்காமல் போறா. இதைவிடத் திரும்பி வந்தது நல்லம்."

எட்டாம் இலக்கக் கதவு திறந்தது. வீட்டுச் செருப்போடு, பனிச்சேற்றில் கால் புதையச் செல்வமலர் வந்தாள். கார்க் கதவில் கைவைத்திருந்த இராசமணி நின்றுவிட்டாள். இருவருக்கும் நடுவில் பெட்டி இருந்தது.

"பெட்டிக்குள்ளை போட்டால் நான் எடுக்கமாட்டன்," என்றாள் செல்வமலர்.

"அப்ப கிடக்கட்டும்."

செல்வமலர் திறப்பை நீட்டினாள்.

இராசமணி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு வாங்கினாள். பூட்டு முதலில் திரும்பவில்லை. "இடப்பக்கம்," என்றாள் தமக்கை. கதவு திறந்தது. இராசமணி உறையை எடுத்து, சேலையில்லாத இடுப்பில் இல்லாத முந்தானையைத் தேடி, கடைசியில் காற்சட்டையில் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினாள்.

"சாருகாவுக்கு நாளைக்குக் கலியாணம். குடும்பத்தோடை வந்து நடத்தித் தரவேணும், அக்கா."

செல்வமலர் இரண்டு கையாலும் வாங்கினாள். ஒட்டைத் தடவினாள். "குடும்பத்தோடை எண்டால் அத்தானும்தானே?"

"உள்ளுக்கு அச்சடிச்சிருக்கு. வாசிக்கச் சொல்லு." ஒரு கணம் கழித்து, "பேச்சு மட்டும் வேண்டாம்."

"வேறை ஆள் பிடிச்சிட்டாய் எண்டாய்?"

"பிடிச்சனான். அவளுக்குத் தட்டுப் பிடிக்கவே தெரியாது. ஏழு மணிக்குச் சொல்லியிருக்கு. நீ ஆறுக்கு வா."

அந்த நேரம் பார்த்து அளவுநாடாவோடு இரவீந்திரன் வந்து சேர்ந்தார். திறந்து கிடந்த பெட்டிக் கதவில், சகோதரிகள் இருவருக்கும் நடுவே கையை நுழைத்துப் பலகையை அளந்தார்.

"ரெண்டு வரி," என்றார் ஏமாற்றத்தோடு. "கையெழுத்துக்குச் சட்டத்திலை ஒண்டும் எழுதேல்லை. அடுத்த கூட்டத்திலை பாப்பம். ரெக்லாமே இனி வரும், சொல்லிப்போட்டன்."

"வரட்டும்," என்றாள் செல்வமலர்.

காருக்குள் றெஜினோல்ட் மணிக்கட்டைத் தடவினான். சிவப்புக் கோடு இன்னும் இருந்தது. "வழக்கிலை காயப்பட்டது நான் ஒருத்தன்தான்," என்று சொல்லி இயந்திரத்தை முடுக்கினான். "அக்கா, என்ரை இஸ்குரூ ட்ரைவர் உங்கடை பைக்குள்ளை கிடக்கு. தாங்கோ."

மங்களேஸ்வரி பையை மடியோடு அணைத்துக்கொண்டாள்.

"நாளைக்குத் தாறன், றெஜி. என்ரை தபால்பெட்டியிலை ஒரு சின்ன வேலை இருக்கு."